கண்மாய்க் கோரைக்கு மூன்று பெயரா?

காரைக்குடி பக்கத்து ஊராட்சிப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “ஊரின் செடி, உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர் பதிவேட்டுக்காகக் கண்மாய்ச் செடிகளைப் பிள்ளைகளோடு பட்டியலிடுகிறோம். பாய்க்கோரைக்கு ஒரு நூலில் சைப்பரஸ் பங்கோரெய், இன்னொன்றில் சைப்பரஸ் டெகெட்டம், மற்றொன்றில் சைப்பரஸ் கோரிம்போசஸ் என்று இருக்கிறது. எதை எழுதுவது?”

பங்கோரெய் என்று எழுதுங்கள். ஆனால் முதலில் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். நம் ஊரில் கோரை என்றால் பத்துச் செடிக்குப் பெயர். முழங்கால் உயரம்கூட வராமல், வேரில் வாசனையுள்ள சிறு கிழங்கு இருந்தால் அது குளியல் பொடிக்கு இடிக்கிற கோரைக்கிழங்கு, சைப்பரஸ் ரோட்டண்டஸ். பாய்க்கோரை ஆள் உயரம் போகும். இலை பெரும்பாலும் அடியில் உறையாகச் சுருங்கியிருக்கும். தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். பழுப்புக் கதிரோடு நிற்கும் சம்பு கோரைக் குடும்பமே அல்ல.

சரி, பெயருக்கு வருவோம். தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்த காலம். செடிகளுக்கு இருசொல் அறிவியல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் அங்கே மருத்துவராக வந்து, இங்குள்ள செடிகளை உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கோப்பன்ஹேகனில் இருந்த தாவரவியலாளர் ராட்பேல் 1773இல் தம் நூலில் இந்தக் கோரைக்கு வைத்த பெயர்தான் பங்கோரெய். லத்தீன் உடுப்பைக் கழற்றினால் உள்ளே நம் கோரை! முன்னால் உள்ள ‘பங்’? ஈழத்தில் இன்றும் கோரைப் பாயைப் பன்பாய் என்பார்கள். பன்கோரை என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பங்கோரை என்றுதான் ஒலிக்கும். இது என் ஊகம்தான், ஆனாலும் விட மனமில்லை.

டெகெட்டம், இந்தியச் செடிகளை ஆராய்ந்த ராக்ஸ்பர்க் வைத்த பெயர். லத்தீனில் ‘பாய்களின்’ என்று பொருள். அழகான பெயர்தான், ஆனால் அவர் இறந்து 5 ஆண்டு கழித்து 1820இல்தான் நூலில் வந்தது. ஒரே செடிக்கு இரு பெயர் இருந்தால் முந்தியதே செல்லும் என்பது விதி. ஆகவே அது இப்போது மறுபெயர். 1834இல் நீஸ் என்ற தாவரவியலாளர் இதே செடியைப் பாப்பிரஸ் என்ற பேரினத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார், அது நிலைக்கவில்லை.

கோரிம்போசசுக்கு இந்த விதி உதவாது. அதுவும் ராட்பேல் அதே 1773 நூலில் வைத்த பெயர்தான். பின்னாளில் கிளார்க் என்ற தாவரவியலாளர், பங்கோரெயைத் தனி இனமாகக் கொள்ளாமல் கோரிம்போசசின் ஒரு வகையாக அடக்கினார். அந்த வழியில் வந்த நூல்களில் பாய்க்கோரை கோரிம்போசஸ் ஆகிவிட்டது. இன்றைய வகைப்பாட்டில் இரண்டும் தனித்தனி இனங்கள். அதனால் கோரிம்போசசை மறுபெயர் என்று போட்டுவிடாதீர்கள்; ‘சில நூல்களில் இப்படியும் உள்ளது’ என்று குறிப்பில் சொன்னால் போதும்.

பதிவேட்டில் ஊர்ப்பெயரை முதலில் எழுதுங்கள். அப்புறம் ரோமன் எழுத்தில் சாய்வாக அறிவியல் பெயர்: சைப்பரசுக்கு முதலெழுத்து பெரிது, பங்கோரெய்க்கு எல்லாம் சிறிது. பின்னால் பெயர் வைத்த ராட்பேலின் சுருக்கப் பெயர் (Rottb.), சாய்க்காமல். பூத்திருக்கும்போது வேரோடு ஒரு செடியை எடுத்து, செய்தித்தாளுக்குள் மடித்து அழுத்தி, கண்மாயின் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். நாளை யாராவது பெயரை மறுபடி மாற்றினாலும் ஒப்பிட அந்தச் செடி கையில் இருக்கும்.