ரெஸ்யூமில் எழுதியதைத்தான் இன்டர்வியூவில் கேட்பார்கள்

கேள்வி: நான் போடி பக்கத்து கிராமத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. 2025-இல் பி.காம். முடித்தேன், 68 சதவீதம். இரண்டாம் ஆண்டில் இரண்டு அரியர் விழுந்து, அடுத்த தேர்விலேயே எழுதி முடித்துவிட்டேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் சான்றிதழ் இருக்கிறது. நடுவில் ஆறு மாதம் குரூப் 4-க்குப் படித்தேன். அக்கவுண்ட்ஸ் வேலைக்கு ஆன்லைனில் நிறைய விண்ணப்பித்தும் இரண்டே இடத்தில்தான் கூப்பிட்டார்கள். ஓரிடத்தில் ஆங்கிலத்தில் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் திணறிவிட்டேன். இன்னோரிடத்தில் ஜிஎஸ்டி பற்றிக் கேட்டார்கள், பதில் தெரியவில்லை. இப்போது ஒரு கன்சல்டன்சியில் 5,000 ரூபாய் கட்டினால் கோவையில் 15,000 சம்பளத்துக்கு வேலை என்கிறார்கள். கட்டலாமா? ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். எதை மாற்ற வேண்டும்? அரியரை மறைத்துவிடலாமா?

பதில்: முதலில் பண விஷயம். கட்டாதீர்கள். ஆள் தேடித் தரும் ஒழுங்கான கன்சல்டன்சிக்குக் காசு கொடுப்பது ஆள் எடுக்கும் நிறுவனம்தான், வேலை தேடுகிறவர் அல்ல. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரும் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். இணைய மோசடிப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

சரி, ரெஸ்யூமுக்கு வருவோம். இரண்டு பக்கம் இருக்கிறது. முதல் பத்தி, ‘சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்...’ என்று போகிறது. உங்கள் வகுப்பில் எல்லோரிடமும் இதே பத்தி இருக்கும். எடுத்துவிடுங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு, கடைசியில் ‘மேற்கண்டவை உண்மை என உறுதி கூறுகிறேன்’, இவை எதுவும் வேண்டாம். மிச்சம் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். நிஜமான சிக்கல் திறன்கள் என்ற தலைப்புக்குக் கீழே இருக்கிறது: ‘டேலி, ஜிஎஸ்டி, எம்எஸ் ஆபீஸ், டீம் ஒர்க், ஹார்டு ஒர்க்’.

ஒரு சிறு நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு இன்டர்வியூ எப்படி நடக்கிறது தெரியுமா? மேலாளர் காலையிலிருந்து ஏதோ பில் தகராறில் இருப்பார். உங்களை எதிரே உட்கார வைத்துவிட்டுத்தான் பல நேரம் ரெஸ்யூமையே முதல் தடவை பார்ப்பார். கண் எந்த வரியில் நிற்கிறதோ அதிலிருந்து கேள்வி வரும். ஜிஎஸ்டி என்று எழுதியிருந்தீர்கள், ஜிஎஸ்டியில் கேட்டார். கேள்வித்தாளை எழுதிக் கொடுத்ததே நீங்கள்தான். பதில் சொல்ல முடியாத சொல் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இருக்கக் கூடாது. நீங்கள் நன்றாகச் செய்யக்கூடிய விஷயம், கேட்கத் தூண்டும்படி அங்கே இருக்க வேண்டும். புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் ஏறக்குறைய இது ஒன்றுதான்.

‘டேலி’ என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, ‘ஒரு மளிகைக் கடையின் ஒரு மாத பில்களை டேலி பிரைமில் பதிந்து, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பழகியிருக்கிறேன்’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், பொருளை மட்டும் சொல்கிறேன். ‘அப்படி எதுவும் நான் செய்ததில்லையே’ என்பீர்கள். செய்துவிட்டு எழுதுங்கள். தெரிந்த கடைக்காரர் யாராவது இருப்பார். ஒரு மாதக் கொள்முதல் பில்களையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். டேலி பிரைமைக் காசு கட்டாமல் கல்விப் பயன்முறையில் திறக்கலாம். குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டுமே பதிவு போட விடும், பழகுவதற்கு அது போதும். பில் ஒவ்வொன்றாகப் பதியுங்கள். பிறகு டேலி காட்டும் வங்கி இருப்பையும் ஸ்டேட்மென்ட்டில் உள்ள இருப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்தாது. கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போயிருக்காது, வங்கி பிடித்த கட்டணம் உங்கள் கணக்கில் ஏறியிருக்காது, கடைக்காரர் சொந்தச் செலவுக்கு ஜிபே செய்தது எங்கும் எழுதப்பட்டிருக்காது. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்த கதை உங்களிடம் இருந்தால், மேலாளர் அந்த வரியைப் பார்த்து ‘என்ன கடை, என்ன வித்தியாசம் வந்தது?’ என்று கேட்கும்போது ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் பேசுவீர்கள். சான்றிதழ் படிப்பில் இது கிடைக்காது.

சில கேள்விகள் எங்கே போனாலும் வரும். வங்கியிலிருந்து பத்தாயிரம் ரூபாய் எடுத்துக் கல்லாவில் வைத்தால் டேலியில் எந்த வவுச்சர், அதாவது எந்த வகைப் பதிவு? கான்ட்ரா, எஃப்4 விசை. பேமென்ட் என்று சொல்பவர்கள்தான் அதிகம். பணம் வெளியே போகவில்லை, ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஜிஎஸ்டிக்கு உங்கள் ஊரையே உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். போடி வியாபாரி ஏலக்காயைக் கன்னியாகுமரிக்கு விற்று அனுப்பினால் மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி. ஏலக்காய்க்கு 5 சதவீதம் என்பதால் இரண்டரை, இரண்டரை. பக்கத்தில் கேரளத்தில் இருக்கும் குமுளிக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி, 5 சதவீதம் மொத்தமாக. தூரம் கணக்கில்லை, மாநில எல்லைதான் கணக்கு. இதே கேள்வியைக் கடலூரில் கேட்டால் புதுச்சேரியை வைத்துக் கேட்பார்கள். மாத ரிட்டர்ன் போடுகிறவருக்கு விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதி, வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி 20-ஆம் தேதி. சம்பளத்திலும் காண்ட்ராக்டர் பில்லிலும் பிடித்த டிடிஎஸ்ஸை (கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் கடைசி வரை நேரம் உண்டு.

கல்லூரிப் புத்தகத்தை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஜிஎஸ்டி விகிதம் 5, 12, 18, 28 என்று நீங்கள் படித்திருப்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்துவிட்டன, சில ஆடம்பரப் பொருள்களுக்கு 40. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வர 2026 ஏப்ரல் 1 என்று தேதி வைத்தார்கள். ‘12 சதவீதம் இப்போது இல்லையே சார்’ என்று ஒரு ஃபிரெஷர் சொன்னால், செய்தித்தாள் படிக்கிற பெண் என்று எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆங்கிலம். உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னதும் ஏன் திணறினீர்கள்? மனப்பாடம் செய்த பத்தியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கும், அதோடு மொத்தமும் போயிருக்கும். மனப்பாடம் வேண்டாம். நான்கு விஷயங்கள் மட்டும்: என்ன படித்தேன், கணக்கு வேலையில் எதைக் கையால் செய்து பார்த்திருக்கிறேன், இந்த வேலைக்கு ஏன் வந்தேன், எப்போது சேர முடியும். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக இரண்டு வாக்கியம். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஊர், குடும்பம், அப்பாவின் தொழில் எல்லாம் அவர்கள் கேட்டால் சொல்லலாம். தினமும் போனில் பதிவு செய்து கேளுங்கள். முதலில் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, எல்லோருக்கும் அப்படித்தான்.

தொடக்கத்தை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கணக்குக் கேள்வி வரும்போது ‘சார், இதைத் தமிழில் விளக்கட்டுமா?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். கோவை, திருப்பூர் பக்கத்து மில்களிலும் எக்ஸ்போர்ட் கம்பெனிகளிலும் அக்கவுண்ட்ஸ் அறையில் நாள் முழுக்கப் பேசுவது தமிழ்தான். டெபிட் நோட், இன்புட் கிரெடிட், லெட்ஜர் போன்ற சொற்களைச் சரியான இடத்தில் போட்டீர்கள் என்றால் உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிடும். மெயில் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும், அது உண்மை. ஒரு பார்ட்டிக்குப் பாக்கித் தொகையை நினைவூட்டி நான்கு வரி மெயில் எழுதச் சொல்லிச் சோதிப்பதும் உண்டு. இதையும் வீட்டில் எழுதிப் பாருங்கள்.

பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லலாம். அதோடு நிறுத்தாமல் எது வரை தெரியும் என்பதையும் சொல்லுங்கள். ‘ஈ-வே பில் நான் போட்டதில்லை சார். சரக்கு வண்டியில் போகும்போது வேண்டும், மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் கட்டாயம் என்று தெரியும்’ என்றால் அது மோசமான பதிலே இல்லை. ஊகத்தை உண்மை மாதிரி சொல்கிறவரைக் கணக்குத் துறையில் யாரும் விரும்ப மாட்டார்கள்.

அரியர்: ரெஸ்யூமில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. ‘இருந்ததா?’ என்று கேட்டால் இருந்தது என்று சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலில் எந்தத் தாளை எந்த மாதம் தேறினீர்கள் என்பது அச்சாகியிருக்கும், மறைத்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். எந்தத் தாள், அடுத்த தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள். நீளமாகக் காரணம் சொல்லத் தொடங்கினால்தான் அது பெரிய விஷயமாகத் தெரியும்.

குரூப் 4 படித்ததையும் மறைக்க வேண்டாம். ஆனால் அடுத்த கேள்வி வரும்: ‘நாளைக்கு டிஎன்பிஎஸ்சி கிடைச்சா போயிடுவீங்களா?’ தமிழ்நாட்டில் ஆள் எடுக்கிற யாருக்கும் இருக்கிற பயம் இது. ‘ஆறு மாதம் முயற்சி செய்தேன். இப்போது கணக்கு வேலையில் அனுபவம் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்’ என்பது போதும், அது உங்கள் உண்மையான முடிவாக இருக்கும்பட்சத்தில். பெண் என்பதால் கல்யாணம் எப்போது என்றும் கேட்பார்கள். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனாலும் கேட்கிறார்கள். ‘இப்போதைக்கு வேலைதான் சார்’ என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதற்குமேல் அதையே தோண்டுகிற இடத்தைப் பற்றி நீங்களே ஒரு முடிவுக்கு வரலாம்.

எங்கே விண்ணப்பிப்பது? பெரிய வேலைவாய்ப்புத் தளங்களில் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் ஆயிரத்தில் ஒருவராகத்தான் இருப்பீர்கள். தமிழ்நாடு அரசின் தனியார் வேலை இணையத்தில் பதியுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாதாமாதம் வெள்ளிக்கிழமை நடக்கும் தனியார் துறை முகாமுக்குப் போங்கள். எந்த வெள்ளி என்று தேனி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். இவை எல்லாவற்றையும்விட நான் சொல்வது ஆடிட்டர் அலுவலகம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அங்கே வரிக் கணக்கு நெரிசல், கை போதாது. மே, ஜூனில் தேனியிலும் போடியிலும் உள்ள ஆடிட்டர்களை நேரில் போய்ப் பாருங்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் ஒரே வருடத்தில் பத்துப் பதினைந்து தொழில்களின் கணக்கு கைக்கு வரும். அப்புறம் கோவைக்குப் போகும்போது நீங்கள் ஃபிரெஷர் இல்லை. உங்கள் ஊரில் மசாலா வாரியத்தின் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. அதைச் சுற்றி எத்தனை வியாபாரிகள், எத்தனை பில்கள்! அவர்களில் யாரும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று இணையத்தில் விளம்பரம் போடப்போவதில்லை, வாய்மொழியாகத்தான் தேடுவார்கள்.

கடைசியாகச் சம்பளம். 15,000 என்றால் கைக்கு 15,000 வராது. அதில் அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்துக்கொண்டால் பிஎஃப் 12 சதவீதம், 1,200 ரூபாய். மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். கைக்கு 13,687. சிடிசி (உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று சொன்னால் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும் அதற்குள்ளேயே இருக்கலாம், இன்னும் குறையும். அதனால் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டால் ‘கைக்கு எவ்வளவு வரும் சார்?’ என்று திருப்பிக் கேட்பதில் தவறில்லை. விடுதியும் சாப்பாடும் கழித்து மிஞ்சுமா என்று அதற்கு முன்பே வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருங்கள். பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பதே இல்லை, கையில் பணமாகத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம். பின்னால் வேறு இடத்தில் அனுபவத்தைக் காட்ட உங்களிடம் ஒரு தாள்கூட இருக்காது. சேரும் நாளில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், டிஜிலாக்கரில் இருந்தால் அதையும் காட்டலாம். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுங்கள்.