தோடி பிறந்த சாலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, தாத்தா விட்டுச்சென்ற ஒலிநாடாக்களில் நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடி ராகம் இருந்தது. அதைக் கேட்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது நாகசுர மேளம் எங்கே கேட்டாலும் வண்டியை ஓரங்கட்டி நிற்கும் அளவுக்குப் பித்து முற்றிவிட்டது. நண்பர்கள் இருவரோடு சென்னையிலிருந்து காரில் புறப்பட்டு, அவரும் அவர் காலத்து மேதைகளும் வாழ்ந்த ஊர்களை மூன்று நாட்களில் பார்த்துவர விரும்புகிறேன். எந்த ஊர்களுக்கு, எந்த வரிசையில் போகலாம்? “எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே, பெட்ரோலை ஏன் வீணாக்குகிறாய்?” என்று கேட்கும் நண்பனுக்கு என்ன சொல்வது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நண்பருக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது ஏறக்குறைய மூன்று நிமிட இசைதான். கோயில் வீதியில் சாமி புறப்பாட்டின்போது இரவெல்லாம் விரித்து வாசித்த ஒரு ராகத்தை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைத்ததைத்தான் நாம் அவருடைய தோடி என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். நாகசுரம் கூடத்துக்குள் வாசிக்கப் பிறந்த வாத்தியம் அன்று; நான்கு வீதிகளின் அகலத்தையும், மதில் சுவர் திருப்பியனுப்பும் ஒலியையும், தெருமுனையில் நிற்கிறவனையும் கணக்கில் வைத்து உருவான வாத்தியம். காதுக்குள் செருகிய கருவியில் அதைக் கேட்பது தேரைப் புகைப்படத்தில் பார்ப்பது போன்றது. பெட்ரோல் போடுவது அந்த வீதிக்காக.

ஆகவே, ஊர்ப் பட்டியல் போடுவதற்கு முன்னால் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகம் தரும் விடுமுறையை வைத்துப் புறப்பட்டால், போகிற கோயிலில் சுவிட்சைத் தட்டினால் தானே அடித்துக்கொள்ளும் மின்சார மேளம்தான் உங்களை வரவேற்கக்கூடும். (அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்த புண்ணியவானை நான் பார்த்ததில்லை, பார்க்காமலிருப்பது இருவருக்கும் நல்லது.) தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூர், பங்குனியில் திருவாரூர், ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் சிதம்பரம் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பயணத்தை அமைத்துக்கொண்டால், ஓர் இரவாவது முழு மேளத்தோடு புறப்பாடு கிடைக்கும். என்னைக் கேட்டால் தை மாதத்தைச் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும், அறுப்பு நடக்கும், திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையும் பெரும்பாலும் அதையொட்டியே வரும்.

முதல் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக மயிலாடுதுறை போய்ச் சேருங்கள். விடியற்காலையில் புறப்பட்டிருந்தால், அங்கிருந்து கிழக்கே சற்றுத் தொலைவில் இருக்கும் செம்பொனார்கோயிலுக்கு மாலையில் போய்வரலாம். ‘ரக்தி’ என்ற வாசிப்புக்குப் பேர்போன பரம்பரை அந்த ஊருடையது. பாட்டு வரி ஏதுமில்லாமல், தவிலின் கணக்கோடு பின்னிக்கொண்டு நாகசுரம் மட்டுமே செய்யக்கூடிய வித்தை அது. வாய்ப்பாட்டிலிருந்து கடன் வாங்காத ஒன்று நாகசுரத்திடம் உண்டா என்று யாராவது கேட்டால், ரக்தியையும், சாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியையும் காட்டுங்கள்.

இரண்டாம் நாள்தான் உங்கள் பயணத்தின் நடுநாயகம். மயிலாடுதுறை–கும்பகோணம் சாலையில் குத்தாலத்தைத் தாண்டினால் திருவாவடுதுறையும் நரசிங்கம்பேட்டையும் அடுத்தடுத்து இருக்கின்றன. ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898இல், திருமருகலில். மறைந்தது 1956இல், நம் சென்னையில். ஆனாலும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது ஆதீன வித்துவானாக இருந்த திருவாவடுதுறைதான். கோமுத்தீசுவரர் கோயிலையும் மடத்தையும் பார்த்துவிட்டு, ‘அவர் நின்ற இடம் எது, உட்கார்ந்த திண்ணை எது’ என்று விசாரித்துக்கொண்டு அலையாமல், நாகசுரத்தின் நுனியில் செருகி வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செய்கிறவர்கள் இருக்கும் தெருவைக் கேட்டுப் போங்கள். காவிரிக் கரையில் வளரும் ஒருவகை நாணலை வெட்டி, காயவைத்துப் பதப்படுத்தி, தட்டையாக்கி, நூலால் கட்டிச் செய்யும் அந்த விரல்நுனி அளவுப் பொருள்தான் நாகசுரத்தின் உயிர். வித்துவானின் வாத்தியத்திலிருந்து கொத்தாகத் தொங்கும் உபரிச் சீவாளிகளையும், அவற்றைச் சரிசெய்யும் ஊசியையும் அலங்காரம் என்று நான் சிறுவயதில் நினைத்திருந்தேன். கச்சேரி நடுவில் சீவாளி ஒத்துழைக்க மறுத்தால் வேறொன்றை மாட்டிக்கொள்வதற்கான சேமிப்பு அது.

அங்கே ஒருமுறை நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசையோடு ஒரு சீவாளியைக் கேட்டு வாங்கி, கன்னம் புடைக்க ஊதினேன். வெறும் காற்றுதான் வந்தது. செய்து கொடுத்த பெரியவர் சிரிக்கவில்லை. “எச்சில்ல ஊறணும் தம்பி, அதுக்கே பத்து நிமிஷம் ஆவும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த நாணலைச் சீவத் தொடங்கிவிட்டார்.

நரசிங்கம்பேட்டையில் நாகசுரமே செய்கிறார்கள். 2022இல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. புதிதாக வெட்டிய மரம் உதவாது என்பதால், இடிக்கப்படும் பழைய வீடுகளின் உத்தரமாகவும் தூணாகவும் பல்லாண்டுகள் நின்று காய்ந்த ஆச்சா மரத்தை வாங்கிவந்து, கடைந்து, துளையிட்டு, ‘உலவு’ என்னும் நீண்ட குழலைச் செய்கிறார்கள். சீவாளி, அதை மாட்டும் உலோகக் குழலான கெண்டை, உலவு, அடியில் விரிந்திருக்கும் அணசு என்று நான்கு உறுப்புகள். மேலே விரலுக்கு ஏழு துளைகள், கீழ்ப்பகுதியில் மெழுகை வைத்துச் சுருதி சரிசெய்ய ஐந்து. ஏதோ ஒரு வீட்டின் கூரையைத் தாங்கிய கட்டை இன்னொரு வீட்டுத் திருமணத்தில் ஒலிக்கிறது என்பதை அந்தப் பட்டறையின் மரத்தூளுக்கு நடுவில் நின்று நினைத்துப் பார்த்தால், ஆதீனத்து வாசலில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

உங்கள் தோடிக்கும் இந்தப் பட்டறைக்கும் நேரடி உறவு உண்டு. பழைய காலத்து நாகசுரம் ‘திமிரி’: குட்டையானது, சுருதி அதிகம், கூச்சலும் அதிகம். அதில் சுத்த மத்திமம் (‘ம’ சுரத்தின் தாழ்ந்த வகை) தானாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் வித்துவான்தான் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். தோடியோ சுத்த மத்திமம் உள்ள ராகம். சுருதியைத் தாழ்த்தி, நீளத்தைக் கூட்டி, அந்தச் சுரம் தன் இடத்தில் ஒழுங்காக உட்காரும்படி ‘பாரி’ நாகசுரத்தை ராஜரத்தினம் பிள்ளைக்காக உருவாக்கியவர் இதே ஊரைச் சேர்ந்த ரங்கநாதன் ஆசாரி. தாத்தாவின் ஒலிநாடாவில் மத்திமத்தில் அவர் நின்று நிதானமாக அசைக்கும் இடம் வரும்போது, பாராட்டில் பாதியை ஆசாரியாருக்கும் பங்குவைத்துக் கொடுங்கள். அன்றிரவு கும்பகோணத்தில் தங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளுக்கு ஊர்கள் அதிகம், நேரம் குறைவு. திருவாரூர்ச் சாலையில் முதலில் வருவது நாச்சியார்கோயில். ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, தஞ்சாவூர்ப் பாணியைக் கற்கவேண்டும் என்பதற்காகவே தேடிவந்து ராஜம்–துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்ட ஊர் அது. பின்னர் ஸ்ரீரங்கத்திலேயே அவர் குடியேறிவிட்டார். அதன் பிறகு திருவீழிமிழலை. ராஜரத்தினம் பிள்ளை ராக ஆலாபனைக்கு என்றால், கீர்த்தனையை அட்சரம் பிசகாமல் இரட்டை நாகசுரத்தில் வாசிப்பதற்குத் திருவீழிமிழலை சகோதரர்கள். உங்களுடைய காது இதுவரை தோடியிலேயே ஊறியிருப்பதால், புறப்படுவதற்கு முன் இவர்களுடைய பதிவுகளையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். திருவாரூரில் ஐந்து முகங்கள் கொண்ட தோல்கருவியான பஞ்சமுக வாத்தியத்தைப் பாருங்கள். கர்நாடக இசை மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீடாமங்கலத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஆனால் நிற்காமல் வந்துவிடாதீர்கள். மேளம் என்றால் பாதி தவில். அந்தப் பாதியின் பெரிய பெயர் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

திருமருகலை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நான்காவது நாள் கையில் இருந்தால் போங்கள். மூன்றே நாள் என்றால், ராஜரத்தினம் பிள்ளை பிறந்த ஊரைவிட அவருடைய மத்திமம் பிறந்த நரசிங்கம்பேட்டையில் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருப்பது மேல். திரும்பும்போது அணைக்கரை, சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி வழியாக விக்கிரவாண்டியைப் பிடித்தால் சென்னை வந்துசேரும் நேரம் குறையும்.

புறப்பாட்டில் நிற்பது பற்றி ஒரு வார்த்தை. வித்துவானின் முகத்துக்கு நேரே செல்பேசியை நீட்டிக்கொண்டு பின்னோக்கி நடக்காதீர்கள். நாகசுரக்காரர் பக்கமாகப் பதினைந்து, இருபது அடி தள்ளி நில்லுங்கள். தவில்காரர் கம்பால் அடிக்கும் தொப்பிப் பக்கம் மாட்டிக்கொண்டால், பூவரசங்கம்பின் அடியைத் தவிர வேறெதுவும் காதில் விழாது. பட்டறையில் ஒரு மணி நேரத்தைச் செலவழித்தால் வெறுங்கையோடு எழுந்து வராதீர்கள். ஒரு சீவாளியாவது விலை கொடுத்து வாங்குங்கள்.

கேள்வி: இளையராஜா சினிமாவுக்கு வருவதற்கு முன் பாடித் திரிந்த ‘பாவலர் பிரதர்ஸ்’ குழுவின் மீது எனக்குத் தனி மோகம். அவர்களுக்கு இசைத்தட்டும் கிடையாது, அரங்கமும் கிடையாது. பார்ப்பதற்கு ஏதாவது இடம் உண்டா?
– வாசகி, கோடம்பாக்கம்

பதில்: உண்டு, ஆனால் அது ஒரு கட்டடம் அன்று, ஒரு மலைச்சாலை. பாவலர் வரதராசனும் தம்பிமார்களும் தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள பண்ணைப்புரத்துக்காரர்கள். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடிய குழு அது. 1958இல் கேரளத்தின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, அங்கிருந்த தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே வரதராசன் பாடிப் பிரசாரம் செய்தார். கட்சியின் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வென்றார். பதினைந்து வயது ராசையா, அதாவது பிற்கால இளையராஜா, அண்ணனோடு மேடை ஏறத் தொடங்கிய காலம் அதுதான்.

எனவே திண்டுக்கல், தேனி வழியாகப் பண்ணைப்புரம் போய், ஊரைச் சுற்றி நடந்து, மேற்கே சுவர்போல நிற்கும் மலையைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே பூப்பாறை, பிறகு தேவிகுளம். வழிநெடுகிலும் தேயிலைதான், தோட்டத் தேநீர்க் கடைகளில் இன்றும் தமிழ் கேட்கும். பாட்டுப் பதிவு இல்லாத ஒரு குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவிடம் எனக்குத் தோன்றவில்லை. இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்த 1976க்குப் பிந்தைய பாடல்களைக் காரில் போடாமல் போய்ப் பாருங்கள். கடினம்தான், ஆனால் முயலலாம். மலைப்பாதையில் மாலை மூடுபனி இறங்கிவிடும் என்பதால் பகலிலேயே ஏறி முடித்துவிடுங்கள்.

கேள்வி: காரும் இல்லை, விடுப்பும் இல்லை. சென்னைக்குள்ளேயே நல்ல மேளம் கேட்க வழியுண்டா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பங்குனிப் பெருவிழாவில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்குப் போங்கள். எல்லோரும் மூன்றாம் நாள் காலை அதிகார நந்திக்கும் எட்டாம் நாள் அறுபத்துமூவருக்கும்தான் முண்டியடிப்பார்கள். அன்றைக்கு அன்னதானப் பந்தல்களின் ஒலிபெருக்கிச் சத்தத்தில் மேளம் அமுங்கிவிடும். ஐந்தாம் நாள் இரவு வெள்ளி ரிஷப வாகனப் புறப்பாடுதான் உங்களுக்கானது. கூட்டம் கலையக் கலைய மேளம் நிதானத்துக்கு வரும். மாட வீதியில் சாமி நிற்கும் இடங்களில் ஒரே ராகத்தை அவசரமில்லாமல் வாசிப்பார்கள். பறக்கும் ரயிலில் வேளச்சேரியிலிருந்து திருமயிலை நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்ப ரயில் இருக்காது. ஆட்டோவுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.