பயோஃபீட்பேக் என்றால் கரண்ட் வைப்பதா?

கேள்வி: வயது 41. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். ஏழெட்டு வருஷமாக மலச்சிக்கல். பேதி மருந்து குடித்தாலும் முழுசாகப் போன மாதிரி இருக்காது. சில நாள் விரலால் எடுக்க வேண்டியிருக்கிறது. கண்டியில் பரிசோதித்து, பயோஃபீட்பேக் செய்யச் சொன்னார்கள். கம்பி வைத்து கரண்ட் கொடுப்பார்கள் என்று லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: கரண்ட் கொடுக்க மாட்டார்கள், சகோதரி. ஆசனவாயில் வைக்கிற மெல்லிய குழாய் தசையின் அழுத்தத்தை அளக்க மட்டும்தான். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் உடம்பைச் சுடுவதில்லையே, அது மாதிரி.

விரலால் எடுப்பதை மறைக்காமல் எழுதியது நல்லது. சிக்கல் ஆசனவாய்ப் பக்கம் இருக்கலாம் என்பதற்கு அது ஒரு அடையாளம். மலம் போக மேலிருந்து வயிறு அழுத்த வேண்டும், கீழே தசை தளர வேண்டும். சிலருக்கு முக்கும்போது அந்தத் தசை இன்னும் இறுகிவிடும். பேதி மருந்து மலத்தை இளக்குமே தவிர, தசையைத் தளர்த்தாது.

காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போனால் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்வரை மலையில் ஒதுங்க இடமில்லை. வருஷக்கணக்கில் அடக்கி அடக்கி, தசைக்கு இறுகுவதே பழக்கமாகியிருக்கலாம். அது உங்கள் தவறில்லை. வேலை வாங்குகிறவர்கள் மலையிலேயே கழிப்பறை வைத்துத் தர வேண்டும் என்பதை மருத்துவராகவே சொல்கிறேன்.

பழகிய தசையை மாற்றிப் பழக்குவதுதான் இந்தச் சிகிச்சை. உங்கள் தசை இறுகுவதும் தளர்வதும் திரையில் கோடாகத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே வயிற்றால் மூச்செடுத்து, கீழே தளர்த்தி முக்கப் பழகுவீர்கள். ஆசனவாய்க்குள் வைத்த சிறு பலூனில் தண்ணீர் நிரப்பி, அதை வெளியேற்றவும் பழக்குவார்கள். வலிக்காது. பொதுவாக 4 முதல் 6 தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். தசைக் கோளாறு உறுதியானவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் பலன் கிடைக்கிறது. குடல் மெதுவாக நகர்வது மட்டும்தான் காரணம் என்றால் இது அவ்வளவு உதவாது. அதனால் பரிசோதனையில் தெரிந்தது எது என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும் என்பது தெரியும். அதற்காகப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அதுவரை, காலைத் தேத்தண்ணி குடித்து அரை மணிக்குள் போய் உட்காருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் முக்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் மலத்தை இறுக்கும், நீங்களாக நிறுத்த வேண்டாம். மலத்தில் ரத்தம் போனாலோ, காரணமில்லாமல் மெலிந்தாலோ உடனே காட்டுங்கள்.

அப்புறம், சிகிச்சை அறையில் பெண் மருத்துவரோ தாதியோ இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.