கடல் இல்லாத நாட்டுக்குக் கப்பல் சரக்கு எப்படிப் போகிறது? – கேள்வி பதில்

சரக்கு கிளியரிங் தொழிலுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் ஏழு வருடம் கொல்கத்தாவில் நேபாளச் சரக்கு மட்டுமே பார்த்தேன். அண்டை நாட்டு வழிகள், துறைமுகங்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எனக்குப் பிடித்த கேள்விக்கு நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி மாணவி: சார், நேபாளத்துக்குக் கடலே கிடையாது. சிங்கப்பூரிலிருந்து ஒரு கன்டெய்னர் காத்மாண்டு போக வேண்டும் என்றால் என்னென்ன நடக்கும்?

முதலில் அது கொல்கத்தாவுக்கு வரும். கொல்கத்தா கடற்கரைத் துறைமுகம் இல்லை, ஹூக்ளி ஆற்றில் சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆற்றில் ஆழம் குறைவு, வண்டல் அதிகம். அதனால் பெரிய தாய்க்கப்பல் அங்கே வராது. கொழும்பிலோ சிங்கப்பூரிலோ சரக்கை மாற்றிக்கொண்டு சின்ன ஃபீடர் கப்பல்தான் வரும். அதுவும் ஓதம் ஏறும் நேரம் பார்த்து ஆற்றில் ஏறி, நீர்மட்டத்தைச் சரிசெய்யும் லாக் கேட் திறந்த பிறகுதான் டாக்கிற்குள், அதாவது கப்பல் நிற்கும் நீர்த்தொட்டிக்குள் நுழையும். ஒரு ஏற்றத்தைத் தவறவிட்டால் அடுத்த ஏற்றம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இறக்கிய பிறகு இந்தியச் சுங்கத்தில் சி.டி.டி. (கஸ்டம்ஸ் டிரான்சிட் டிக்ளரேஷன்) போட வேண்டும். ‘இது இந்தியாவில் விற்கப்போகிற பொருள் இல்லை, எங்கள் மண் வழியாக நேபாளம் போகிறது’ என்று சொல்கிற டிரான்சிட் தாள் அது. வரி கிடையாது. ஆனால் வழியில் பெட்டியைத் திறந்து பாதிச் சரக்கை பீகாரில் விற்றுவிட்டால்? அந்தப் பயம் சுங்கத்துக்கு எப்போதும் உண்டு. அதற்குத்தான் சீல். இப்போது ஜிபிஎஸ் வைத்த எலக்ட்ரானிக் சீல் வந்துவிட்டது. யாராவது அறுத்தாலோ வண்டி வேறு பாதையில் போனாலோ உடனே தகவல் போய்விடும். அப்புறம் ரயிலில் ஏறி, பீகார் எல்லையில் உள்ள ரக்சால் வழியாக நேபாளத்தின் பிர்கஞ்ச் பக்கத்தில் சிர்சியா உலர்துறைமுகம் (கடல் இல்லாத இடத்தில் கன்டெய்னர் கையாளும் நிலையம்), கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். 2004-லிருந்து அது ஓடுகிறது. அங்கே நேபாளச் சுங்கம் வரி வாங்கும். பெரும்பாலும் அங்கேயே பெட்டியைத் திறந்து, சரக்கை லாரியில் ஏற்றி மலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவரே: ஏன் அங்கேயே திறக்கிறார்கள்? பெட்டியோடு காத்மாண்டு போனால் என்ன?

பெட்டி கப்பல் கம்பெனியுடையது. காலிப் பெட்டியைத் திரும்பக் கொல்கத்தாவில் ஒப்படைக்க வேண்டும். குறிப்பிட்ட நாள்வரை இலவசம், அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் டிடென்ஷன் ஏறும். மலைப்பாதையில் நிலச்சரிவு வந்து லாரி நின்றாலும் மீட்டர் நிற்காது. துறைமுகத்துக்குள் சரக்கு கிடந்தால் கட்டுவது டெமரேஜ், பெட்டியை வெளியே வைத்திருப்பதற்குக் கட்டுவது டிடென்ஷன். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். கடல் இல்லாத நாட்டுக்காரருடைய லாபத்தை அரிப்பது இந்த இரண்டும்தான், கப்பல் வாடகை இல்லை.

என் கதையையும் சொல்கிறேன். ஒரு சி.டி.டி.யில் சீல் எண்ணில் ஒரே ஒரு இலக்கம் மாறிவிட்டது. 6-க்குப் பதில் 8. தப்பு எங்கள் அலுவலகத்தில்தான், தட்டச்சு செய்த பையனைக் குறை சொல்ல மாட்டேன், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். எல்லையில் தாளும் பூட்டும் ஒத்துப்போகவில்லை என்று பெட்டி நின்றது. திருத்தக் கடிதம் கொல்கத்தாவிலிருந்து போய்ச் சேர நான்கு நாள். அன்றிலிருந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: கடல் இல்லாத நாட்டுக்குத் துறைமுகம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டா?

உண்டு. 1982-ம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் பத்தாம் பகுதி முழுவதும் இதைப் பற்றித்தான். 125-ம் பிரிவு கடலுக்குப் போய்வர உரிமையும், அண்டை நாட்டின் வழியாகக் கடந்து செல்லும் சுதந்திரமும் தருகிறது. கடந்து போகும் சரக்குக்குச் சுங்க வரி போடக் கூடாது, செய்த சேவைக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம் என்கிறது 127. அதற்கு முன்பே 1921 பார்சிலோனா உடன்படிக்கை, காட் என்ற உலக வணிக ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு எல்லாம் இருக்கின்றன.

ஆனால் அதே 125-ல் இன்னொரு வரியும் உண்டு. எந்த வழி, என்ன விதிமுறை என்பதைச் சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தக் கதைதான். உரிமை ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் இருக்கும், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும்.

அவரே: இரட்டை நிலம்சூழ் நாடுகள் எவை?

தனக்கும் கடல் இல்லை, சுற்றியுள்ள எந்த நாட்டுக்கும் கடல் இல்லை என்றால் அது இரட்டை நிலம்சூழ் நாடு. லீக்டன்ஸ்டைன், உஸ்பெகிஸ்தான். இரண்டே இரண்டு. தேர்வில் வந்தால் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: 1989-ல் இந்தியா நேபாளத்துக்கு வழியை அடைத்தது நினைவிருக்கிறது. உண்மையில் நடந்தது என்ன?

ஐயா, வணிகத்துக்கும் டிரான்சிட்டுக்கும் 1978-ல் தனித்தனி ஒப்பந்தம் இருந்தது. காலாவதியானபோது இந்தியா இரண்டையும் ஒன்றாக்க வேண்டும் என்றது, நேபாளம் தனித்தனியாகவே இருக்கட்டும் என்றது. அதற்குப் பின்னால் சீனாவிடம் நேபாளம் ஆயுதம் வாங்கிய கோபமும் இருந்தது. 1989 மார்ச்சில் 15 எல்லை வாசல்களில் இரண்டை மட்டும் திறந்து வைத்தார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, விறகுக்குக் காட்டை வெட்டினார்கள். 1991-ல் மறுபடியும் தனித்தனி ஒப்பந்தங்கள் போட்டார்கள். நேபாளம் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்றால், வணிகம் என்பது இரண்டு பேரும் பேரம் பேசுகிற விஷயம், கடலுக்குப் போகும் வழி பேரத்தில் சேராது என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

2015-ல் மறுபடியும் நடந்தது. செப்டம்பரில் புதிய அரசியல் சட்டம், அதை எதிர்த்துத் தெற்குச் சமவெளியில் வாழும் மாதேசிகள் போராட்டம், எல்லையில் லாரிகள் தேக்கம். இந்தியா தடுத்தது என்றது நேபாளம், போராட்டத்தால் லாரிகள் போக முடியவில்லை என்றது இந்தியா. ஏப்ரல் பூகம்பத்திலிருந்து எழுந்திராத நாட்டில் சமையல் வாயு இல்லாமல் அந்தக் குளிர்காலம் போனது. 2016 பிப்ரவரியில்தான் முடிந்தது.

அதைத் தொடர்ந்து இன்னொருவர்: அதற்குப் பிறகு சீனாவோடு ஒப்பந்தம் போட்டார்களே, இனி இந்தியா தேவையில்லையா?

2016 மார்ச்சில் ஒப்பந்தம், 2019-ல் அதற்கான நெறிமுறை. தியான்ஜின், ஷென்சென், லியான்யுன்காங், ஜான்ஜியாங் என்று நான்கு கடல் துறைமுகங்கள், மூன்று உலர்துறைமுகங்கள். தாளில் அழகாக இருக்கும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தியான்ஜின் எல்லையிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் திபெத் பீடபூமி. சீன எல்லையில் உள்ள தாதோபானி வாசல் 2015 பூகம்பத்தில் சேதமாகி 2019 வரை மூடியே கிடந்தது. இன்னொரு வாசலான ரசுவாகடியில் இருந்த பாலத்தை 2025 ஜூலை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தினசரிச் சரக்குக்கு இந்த வழி உதவாது.

ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். இரண்டாவது கடை இருக்கிறது என்று தெரிந்தாலே முதல் கடைக்காரர் பேசும் தொனி மாறிவிடும். அதே 2016-ல்தான் இந்தியா விசாகப்பட்டினத்தையும் நேபாளத்துக்குத் திறந்துவிட்டது. 2023 ஜூனில் புதுப்பித்த டிரான்சிட் ஒப்பந்தத்தில் உள்நாட்டு நீர்வழிகளும் சேர்ந்தன.

லாஜிஸ்டிக்ஸ் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்: விசாகப்பட்டினம் கொல்கத்தாவைவிட இரண்டு மடங்கு தூரம். யார் அங்கே போவார்கள்?

ரயில் தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர், உண்மைதான். ஆனால் அங்கே ஆழம் இருக்கிறது, பெரிய கப்பலே வரும், ஃபீடருக்குக் காத்திருக்க வேண்டாம். நாள் கணக்குப் போடுங்கள், கிலோமீட்டர் கணக்குப் போடாதீர்கள்.

சிலிகுரியில் படித்த தமிழர்: இந்தியாவுக்கே இந்தப் பிரச்சினை உண்டு இல்லையா? வடகிழக்கு மாநிலங்கள்?

நல்ல கேள்வி. திரிபுராவை நினைத்துப் பாருங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அதன் தெற்கு எல்லை ஊரான சப்ரூமிலிருந்து வங்கதேசத்தின் சிட்டகாங் துறைமுகம் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் வேறு நாடு. கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு லாரி, சிலிகுரியின் குறுகலான கழுத்து வழியாகச் சுற்றி 1,600 கிலோமீட்டர் போகிறது. அந்தக் கழுத்து ஓரிடத்தில் 22 கிலோமீட்டர் அகலம்தான். நேபாளம் கொல்கத்தாவைப் பார்ப்பதும் அகர்தலா சிட்டகாங்கைப் பார்ப்பதும் ஒரே பார்வைதான்.

சிட்டகாங்கையும், வங்கதேசத்தின் இன்னொரு துறைமுகமான மோங்லாவையும் இந்தியா பயன்படுத்த 2018-ல் ஒப்பந்தம். 2020 ஜூலையில் சோதனையாகக் கொல்கத்தாவிலிருந்து கப்பலில் இரும்புக் கம்பியும் பருப்பும் சிட்டகாங் போய், அங்கிருந்து லாரியில் அகர்தலா சேர்ந்தன. 2021-ல் சப்ரூம் எல்லையில் ஃபெனி ஆற்றின்மேல் மைத்ரி பாலம் திறந்தார்கள், 1.9 கிலோமீட்டர். 2023-ல் வங்கதேசம் நிரந்தர அனுமதி ஆணையும் போட்டது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியதும் எல்லாம் வேகம் இழந்தது. 2025 ஏப்ரலில், வங்கதேச ஏற்றுமதிச் சரக்கு இந்தியத் துறைமுகம், விமான நிலையம் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போக 2020-ல் கொடுத்த வசதியை இந்தியா எடுத்துவிட்டது. பாலம் கட்டுவது எளிது, அதன்மேல் லாரி ஓடுவது இரண்டு தலைநகரங்களின் மனநிலையைப் பொறுத்தது.

தூத்துக்குடி ஏற்றுமதியாளர்: எங்கள் சரக்கும் கொழும்பு போய்த்தான் ஐரோப்பா போகிறது. இதுவும் டிரான்சிட்தானா? விழிஞ்ஞம் வந்துவிட்டதே, இனி கொழும்பு வேண்டாமா?

இது டிரான்ஷிப்மென்ட். டிரான்சிட் என்றால் சரக்கு இன்னொரு நாட்டின் மண்ணைக் கடக்கிறது. டிரான்ஷிப்மென்ட் என்றால் கப்பல் மாறுகிறது, அவ்வளவுதான். பெட்டி கொழும்புத் துறைமுக வாசலைத் தாண்டுவதில்லை.

கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2024 டிசம்பரில் வணிகரீதியாக ஓடத் தொடங்கி, 2025 மே மாதம் முறைப்படித் திறக்கப்பட்டது. இயற்கையான ஆழம், சர்வதேசக் கப்பல் பாதைக்கு வெகு அருகில். நம்பிக்கையான விஷயம்தான். ஆனால் தாய்க்கப்பல் ஆழத்தை மட்டும் பார்த்து வராது. வாரத்துக்கு எத்தனை கப்பல் லைன், எத்தனை ஃபீடர், எத்தனை இணைப்பு என்று பார்க்கும். கொழும்பு அந்த வலையைப் பல வருடமாகப் பின்னி வைத்திருக்கிறது. உங்கள் ஏஜென்டிடம் இரண்டு வழிக்கும் விலை கேளுங்கள். விலையைவிட முக்கியமாக, இணைப்புக் கப்பலைத் தவறவிட்டால் அடுத்தது எந்த நாள் என்று கேளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணை, தலைமன்னார்–தனுஷ்கோடி வழி திரும்ப வருமா? அப்பப்பா போட் மெயிலில் போன கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

1914-ல் தொடங்கியது அது. எழும்பூரில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி போய்விட்டது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து கொஞ்சக் காலம் கப்பல் ஓடியது, போர் அதையும் நிறுத்தியது. இப்போது கையில் இருப்பது நாகப்பட்டினம்–காங்கேசன்துறை. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆட்களை ஏற்றும் கப்பல் அது. சரக்கு இன்னும் கொழும்பைத்தான் சுற்றுகிறது.

சாபஹார் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

இந்தியச் சரக்கு வாகா வழியாக ஆப்கானிஸ்தான் போகப் பாகிஸ்தான் வழக்கமாக விடுவதில்லை. அதற்குச் சுற்றுவழிதான் ஈரானின் சாபஹார். ஹார்முஸ் நீரிணைக்கு வெளியே, ஓமான் வளைகுடாவில் இருக்கிறது. 2016-ல் இந்தியா, ஈரான், ஆப்கானிஸ்தான் முத்தரப்பு ஒப்பந்தம், 2017-ல் குஜராத்தின் காண்ட்லாவிலிருந்து கோதுமை, 2024 மே மாதம் பத்து வருட ஒப்பந்தம். எல்லைக்கு அப்பால் ஆப்கானிஸ்தானுக்குள் சரஞ்ச்–டெலாராம் சாலையை இந்தியா 2009-லேயே போட்டு முடித்துவிட்டது. ஆனால் இங்கே சாவி ஈரானிடம் மட்டும் இல்லை. ஈரான்மேல் உள்ள அமெரிக்கத் தடையிலிருந்து 2018-ல் கிடைத்த விலக்கை 2025 செப்டம்பரில் ரத்து செய்தார்கள், பிறகு ஆறு மாதம் நீட்டித்தார்கள். இப்படி இருந்தால் எந்தக் கப்பல் கம்பெனி, எந்தக் காப்பீட்டுக்காரர் நிரந்தரமாக வருவார்?

திருப்பூரிலிருந்து: நேபாளத்துக்கு முதல் தடவையாகப் பின்னலாடை அனுப்பப் போகிறேன். இந்தத் துறைமுகச் சிக்கல் எல்லாம் எனக்கும் உண்டா?

இல்லை. நீங்கள் இந்தியாவிலிருந்தே அனுப்புவதால் டிரான்சிட் கிடையாது, சாதாரண ஏற்றுமதி. லாரியில் நேராக ரக்சால் போகலாம், பணத்தை இந்திய ரூபாயிலேயே வாங்கலாம். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது 1993-லிருந்து மாறாத கணக்கு, நாணய மாற்றுத் தலைவலி இல்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தசைன் பண்டிகைக்கு முன்னால் எல்லையில் லாரி வரிசை நீண்டுவிடும். துணிக்கு நல்ல வியாபாரமும் அப்போதுதான். அதனால் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே சரக்கு பிர்கஞ்ச் தாண்டிவிட வேண்டும் என்று வைத்து நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்.