பழைய பேப்பர் கடைக்காரர் வருவதற்கு முன்

அன்புள்ள ஆச்சிக்கு,

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் உள்ள எங்கள் அய்யா வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறோம். பங்காளிகள் எல்லோரும் பேசி, விற்பதென்று முடிவாகிவிட்டது. மரச்சாமானுக்கு ஆள் பார்த்தாயிற்று. இரண்டாங்கட்டில் ஓர் அறையில் டிரங்குப் பெட்டி நிறையக் காகிதங்கள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, ரங்கூன் கடிதங்கள், ஆயாவின் சாமான் கணக்கு. பழைய பேப்பர் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். இதை வைத்து ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதுகிறேன். எஃபிமெரல், டிரான்சியன்ட், ஃப்ளீட்டிங், எவனெசன்ட் எல்லாவற்றுக்கும் அகராதியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்? 'ஈசல் வாழ்வு' என்கிறோமே, அதுதான் எஃபிமெரலா? எல்லாமே நிலையாமைதானே என்றும் தோன்றுகிறது.

மு., பெங்களூரு

அன்புள்ள தம்பி,

வந்து கிடக்கும் கடிதங்களில் உங்களுடையதை முதலில் எடுக்க வைத்தது உங்கள் ஆங்கிலம் அல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமை. சில வாரங்களுக்கு முன் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடை ஒன்றில், யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகளையோ கட்டாகக் கட்டி, மரப் பாத்திரங்களான மரவைகளுக்கு நடுவில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இந்தக் காகித விஷயம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்களும் சரியாக வந்து மாட்டினீர்கள்.

முதலில் கேட்டதற்குப் பதில். ஃப்ளீட்டிங் என்பது வேகம். பஸ் ஜன்னலில் தெரிந்து மறைந்த முகம், சட்டென்று வந்துபோன ஒரு நினைப்பு. பொருள் எத்தனை நாள் இருந்தது என்ற கேள்வியே அதில் இல்லை, நம் கண்ணுக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது என்பதுதான். டிரான்சியன்ட் என்றால் கடந்து போவது. சுவிட்சைப் போட்டதும் ஒரு கணம் எகிறி அடங்கும் மின்னழுத்தத்தை மின்பொறியாளர்கள் அப்படிச் சொல்வார்கள். மூளைக்கு ரத்தம் போவது கொஞ்ச நேரம் தடைப்பட்டுப் பிறகு சரியாவதற்கும் மருத்துவர்கள் அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். எவனெசன்ட் கரைவது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெலிந்து இல்லாமல் போகும் சாம்பிராணிப் புகை. எஃபிமெரல் கிரேக்கத்திலிருந்து வந்தது, ஒரு நாளுக்கானது என்று அர்த்தம். மழை பெய்தால் மட்டும் ஓடி, மழை விட்டதும் வறண்டுவிடும் ஓடைகளை நீரியல்காரர்கள் இந்தப் பெயரால்தான் குறிப்பார்கள். பருவத்துக்குச் சில மாதம் விடாமல் ஓடினால் அது இன்டர்மிட்டன்ட், கணக்கு வேறு. போதுமா?

ஈசல் விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டும். முதல் மழைக்கு விளக்கடியில் வந்து விழும் ஈசலைக் கூட்டி அள்ளி, வறுத்துப் பொரியில் கலந்து தின்ற ஊர்க்காரர் நீங்கள். ஈசல் ஒரு நாளில் சாவதற்காகப் பிறக்கவில்லை. அது கறையானின் இறகு முளைத்த பருவம். பறவையும் பல்லியும் நாமும் தின்றது போக, ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் புகுந்த ஒன்றிரண்டு, புதுப் புற்றின் ராஜாவும் ராணியும் ஆகிப் பல ஆண்டுகள் வாழும். உங்கள் வீட்டு உத்தரத்தை அரித்துக்கொண்டிருப்பது அவற்றின் வாரிசுகளாகவும் இருக்கலாம். ஆங்கிலக்காரர்கள் எஃபிமெரா என்று பெயர் வைத்திருப்பது மேஃப்ளை என்ற வேறு பூச்சிக்கு. இறகு வந்தபின் சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். தின்னும் வாய்கூட அதற்கு வேலை செய்யாது. ஆனால் அதற்கு முன் குஞ்சாகத் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும் வாழ்ந்திருக்கும். நாம் பார்த்த நேரத்தை அதன் ஆயுள் என்று எழுதிவிட்டோம்.

நிலையாமையைப் பற்றிப் பேச நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? கேத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் இலவசமாகக் கிடைக்கும். அதை விடுங்கள்.

பெட்டிக்கு வருவோம். எஃபிமெரா என்றே ஆங்கிலத்தில் ஒரு காகிதச் சாதிக்குப் பெயர் இருக்கிறது. பஸ் டிக்கெட், நாடக நோட்டீஸ், சிகரெட் அட்டை, விலைப்பட்டியல். அன்றைய வேலை முடிந்ததும் குப்பைக்குப் போக வேண்டியவை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் தலைமை அச்சாளராக இருந்த ஜான் ஜான்சன் அந்தக் குப்பையைத்தான் விடாமல் சேர்த்தார். இன்றைக்கு அது பாட்லியன் நூலகத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது. உடனே சீமைக்குப் போக வேண்டாம், கோட்டையூர் போங்கள். ரோஜா முத்தையா செட்டியார் அந்த ஊர்க்காரர். பெயர்ப்பலகை எழுதும் தொழிலுக்குச் சென்னை போய், மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்க ஆரம்பித்தவர். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பத்திரிகை நறுக்கு என்று எல்லாரும் தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. வாங்கியதைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்போது தரமணியில் இருக்கிறது. தமிழில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகத்தின் எந்த மூலையிலிருந்தாலும் ஒரு நாள் அந்தப் படி ஏறித்தான் ஆக வேண்டும். நம் ஊர் மனிதர் ஒருவர் இத்தனை செய்துவைத்திருக்க, நீங்கள் பேப்பர்காரருக்குச் சொல்லி அனுப்புகிறீர்கள்!

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது 'ஆயாவின் சாமான் கணக்கு' என்ற கடைசிச் சொல். பட்டியலில் அதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். ரங்கூன் கடிதத்தையாவது வைத்துக்கொள்ளலாமா என்று இன்னும் கொஞ்சம் யோசிப்பீர்கள், அது ஆண்கள் எழுதியது. பேரேடு, ஐந்தொகை எல்லாம் கடைக் கணக்கு என்பதால் அவற்றுக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. பொம்பளையாளுக எழுதி வைத்தது வெறும் சட்டிபானைக் கணக்கு, இல்லையா?

எங்கள் அப்பத்தாவிடம் அப்படி ஒரு நோட்டு இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காத கையெழுத்து, புள்ளி வைக்காத எழுத்து. வெள்ளிச் செம்பு, குத்துவிளக்கு, மங்குச் சாமான், பர்மா மரவை, பனையோலைக் கொட்டான் என்று வரிசையாக இருக்கும். எந்த அண்டா யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது, எப்போது திரும்பி வந்தது, நெளிந்து வந்ததா என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு இடத்திலிருந்து வெள்ளிச் சாமான்களின் மேல் ஒவ்வொன்றாகக் கோடு விழ ஆரம்பிக்கும். பக்கத்தில் 'குடுத்தது' என்ற ஒரே சொல். யாருக்கு, எவ்வளவுக்கு என்று ஒன்றும் இல்லை. தேதியைப் பார்த்தால் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்த 1942க்கு அடுத்த வருஷங்கள்.

பர்மாவில் வட்டித் தொழில் செய்த நம் செட்டியார்கள் இழந்ததைப் பற்றிப் பொருளாதாரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். 1930களின் நெல் விலை வீழ்ச்சியில் கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்த கீழ்ப் பர்மா நிலம், முக்கியமான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு. அந்தக் காலத்துப் பர்மாக் குடியானவனுக்கு நம்மைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை, அதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏக்கர் கணக்கும் ரூபாய்க் கணக்கும் நூலகங்களில் கிடைக்கிறது. ஆனால் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்திலிருந்து பணம் வருவது நின்றபோது இங்கே வீட்டு வளவுக்குள் என்ன நடந்தது, முதலில் எந்தச் சாமான் வெளியே போனது, விளக்கா செம்பா, மகளுக்கென்று எடுத்து வைத்ததை எப்போது தொட்டார்கள், இதை எந்தப் பேரேட்டில் தேடுவீர்கள்? அப்பத்தா வாய்திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. வெளியே ஆயிரம் சன்னல் வீடு என்று பெருமை பேசிக்கொண்டிருந்த குடும்பங்களில் இது யாருமே சொல்லாத பேச்சு. அந்தக் கோடுகள்தான் சொல்கின்றன.

ஆகவே தம்பி, உங்கள் வீட்டுக்கு அந்த ஆங்கிலச் சொற்களில் ஒன்றும் பொருந்தாது. தேக்கு உத்தரம் போட்டு, முட்டைவெள்ளை கலந்த சுண்ணாம்பை இழைத்துக் கட்டின வீட்டை ஒரு நாளுக்கானது என்று எழுத எப்படி மனசு வந்தது? அது தானாகவா மறைகிறது? பங்காளிகள் உட்கார்ந்து பேசி, விலை வைத்து விற்கிறீர்கள். விற்பதைத் தப்பென்று சொல்லவில்லை. பராமரிக்க முடியாத கஷ்டம் எனக்கும் தெரியும், ஓடு மாற்றவே ஒரு வருமானம் வேண்டும். ஆனால் விற்றோம் என்று எழுதுங்கள். பெட்டியைப் பேப்பர்காரரிடம் போட்டால், போட்டோம் என்று எழுதுங்கள். காற்று வந்து அள்ளிக்கொண்டு போன மாதிரி அழகான ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

சரி, திட்டியது போதும். பேப்பர்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரு நல்ல வெளிச்சமான மதியம் முகப்பில் ஒரு வேட்டியை விரித்துக் காகிதங்களைப் பரப்புங்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடுங்கள், அது இருக்கும் இடமெல்லாம் காகிதம் ஓட்டை விழும். கிழிந்ததைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், அதன் பசை பழுப்பேறி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் கூடவே கூடாது. செய்தித்தாள் மாதிரி மட்டமான காகிதம் இருந்தால் தனியாக வையுங்கள், அதன் அமிலம் பக்கத்துக் காகிதத்துக்கும் ஏறும். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், பின்பக்கத்தை மறக்காமல். கல்யாணப் பத்திரிகையின் பின்னால்தான் நம் பெண்கள் பால் கணக்கு எழுதுவார்கள். வைத்துக்கொள்ள இடம் இல்லையென்றால் தரமணிக்கு எழுதிக் கேளுங்கள்.

அந்தச் சாமான் கணக்கில் 1940க்கும் 1950க்கும் இடைப்பட்ட பக்கங்கள் இருந்தால் எனக்கு முதலில் அனுப்புங்கள். கோடு எந்தப் பொருளிலிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஆயா எந்த ஊரில் பிறந்தவர்கள், எந்த வருஷம் கல்யாணம் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆச்சி