வைஃபை கார்டை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கும்போது: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் லேப்டாப்பில் உள்ள இன்டெல் கார்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நன்றாக இணைகிறது. அதையே ஆக்சஸ் பாயின்ட் (மற்ற கருவிகள் வந்து இணையும் வைஃபை மையம்) ஆக்கினால் 2.4-ல் மட்டும்தான் ஓடுகிறது. கார்டு பழுதா?

பதில்: பழுதில்லை. இணைகிற கார்டு, ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் ரவுட்டரைக் கேட்டுவிட்டுத்தான் வாய் திறக்கிறது. ஆக்சஸ் பாயின்ட் முதல் ஆளாகப் பேச வேண்டும். எந்த நாட்டில் இருக்கிறோம் என்று உறுதியாகத் தெரியாத கார்டுக்கு அந்த உரிமை கிடையாது.

லினக்ஸில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 5180 மெகாஹெர்ட்ஸ், சேனல் 36, பக்கத்திலேயே 'நோ ஐஆர்' என்று நிற்கும். நீயாக அலையை அனுப்பத் தொடங்காதே என்று பொருள். கேட்கலாம், இணையலாம், தொடங்கக் கூடாது. இன்டெல் கார்டுகளில் இதை ஃபர்ம்வேரே, அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளே, தீர்மானிக்கிறது. அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அறிவிக்கும் நாட்டுக் குறியீட்டைக் கேட்டு இடத்தை ஊகிக்கும். 'ஐடபிள்யூ ரெக் கெட்' கொடுத்தால் 'செல்ஃப் மேனேஜ்டு' (விதிகளைக் கார்டே பார்த்துக்கொள்கிறது) என்று காட்டுவது இதனால்தான். முன்பு இதை அணைக்க டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒரு வழி இருந்தது, பிந்தைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) அதை எடுத்துவிட்டார்கள். அந்தக் கார்டோடு மல்லுக்கட்டாதீர்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஆக்சஸ் பாயின்ட்தான் வேண்டுமென்றால் வேறு கார்டு பாருங்கள்.

கேள்வி: ஏத்தரோஸ் கார்டு. நாட்டை ஜெர்மனி என்று மாற்றியும் சேனல் 13 வரவில்லையே?

பதில்: கார்டின் ஈப்ரோமில் (தயாரிக்கும்போதே தகவல் எழுதப்படும் சிறு நினைவகம்) அமெரிக்கக் குறியீடு பதிந்திருக்கும். அங்கே 1 முதல் 11 வரை, ஐரோப்பாவில் 13 வரை. கெர்னல் இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆக, நீங்கள் போடும் குறியீட்டால் வேலி சுருங்குமே தவிர விரியாது. ஏத்தரோஸ் அல்லாத, குறியீடே பதியாத கார்டு என்றால் '00' என்ற பொது விதியில் தொடங்கும். அதற்கு நீங்கள் இருக்கும் நாட்டைச் சொன்னால் பூட்டு திறக்கும். சேனல் 14-க்கு ஆசைப்பட்டு ஜப்பான் என்று போடுபவர்களும் உண்டு. அங்கேயே அது பழைய வைஃபை வகையான 802.11பி-க்கு மட்டும்தான். பொய் சொல்லியும் 11 எம்பிபிஎஸ்தான் மிச்சம்.

கேள்வி: சேனல் 100-ல் தொடங்கினால் நெட்வொர்க் பெயரே தெரிவதில்லை. ஏன்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார்களுக்கே முதல் உரிமை. அங்கே பேசுமுன் 60 விநாடி காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இயங்கும் 5600-5650 மெகாஹெர்ட்ஸில் இது 10 நிமிடம். முதல் தடவை இது தெரியாமல், 40 விநாடியில் 'தொங்கிவிட்டது' என்று நானே நிறுத்தி நிறுத்தி நான்கு முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து! 'டிஎஃப்எஸ் சிஏசி ஸ்டார்ட்' (ரேடாருக்காகக் கேட்கத் தொடங்கியாயிற்று) என்ற வரி திரையிலேயே இருந்தது, படித்தால்தானே.

ஓடத் தொடங்கிய பிறகும் ரேடார் தட்டுப்பட்டால் 10 விநாடிக்குள் காலி செய்ய வேண்டும், 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ரேடாரை அடையாளம் காணும் திறன் டிரைவரில் இல்லாவிட்டால் இந்தச் சேனல்களில் ஆக்சஸ் பாயின்ட் தொடங்கவே முடியாது. பல யூஎஸ்பி அடாப்டர்கள் இந்த ரகம். அப்படியானால் 36 முதல் 48 வரை போதும் என்று இருந்துவிடுங்கள்.

கேள்வி: 9 டிபிஐ (ஆன்டெனா சிக்னலைக் கூட்டும் அளவு) ஆன்டெனா மாட்டினேன். பவரை 20 டிபிஎம்-இல் (அனுப்பும் சக்தியின் அளவு) வைத்தால் விதிக்குள்தானே?

பதில்: ஐரோப்பாவில் இல்லை. 2.4-ல் அவர்கள் சொல்லும் 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட், ஆன்டெனாவையும் சேர்த்த கணக்கு. 9 ஆன்டெனாவுக்குப் போனால் கார்டுக்கு 11-தான். நீங்கள் எந்த ஆன்டெனாவைத் திருகினீர்கள் என்று மென்பொருளுக்குத் தெரியாது, கழித்தல் உங்கள் பொறுப்பு. இன்னொன்று: நீங்கள் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் ஃபோனின் குரல் பழையபடிதான் இருக்கும். சிக்னல் முழுக் கோடு காட்டியும் பக்கம் திறக்காமல் சுற்றுவது பலமுறை இதனால்தான்.

கேள்வி: ஹோஸ்ட்ஏபிடி (லினக்ஸில் ஆக்சஸ் பாயின்ட்டை நடத்தும் மென்பொருள்) அமைப்புக் கோப்பில் கன்ட்ரி கோடு மட்டும் எழுதினால் போதுமா?

பதில்: 2.4-க்குப் போதும். ரேடார் சேனல் என்றால் அதே கோப்பில் 802.11டி (நாட்டுக் குறியீட்டை அறிவிப்பது), 802.11ஹெச் (ரேடார் விதிகளுக்கானது) இரண்டையும் 1 ஆக்குங்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவது வேலை செய்யாது.