தம்பிக்குக் கொடுத்த கிட்னி, தம்பிக்காக வாங்கிய கடன்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது 44. ஏழு வருடத்துக்கு முன் தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்தேன். போன வருடம் அவன் கடை வைக்க என் பெயரில் பர்சனல் லோன் எடுத்தேன். தவணை 8,400 ரூபாயை நானே கட்டுகிறேன். வட்டி 16%, பாக்கி 1.9 லட்சம். சம்பளம் 20,000, ஓவர்டைம் 6,000. பிபி மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன். செக்-அப் போய் இரண்டு வருடம் ஆகிறது. முதுகுவலி மாத்திரையில்தான் ஓவர்டைம் ஓடுகிறது. மாதம் 1,500 கட்டினால், கிட்னி செயலிழக்கும்போது 10 லட்சம் வரும் என்று ஒரு பாலிசியைச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தத் தீவிர நோய் பாலிசிகளில் பணம் வர வேண்டுமென்றால், கிட்னி மீளமுடியாதபடி செயலிழந்து, தொடர் டயாலிசிஸோ மாற்று அறுவையோ நடந்திருக்க வேண்டும். கிரியாட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய ரத்தக் கழிவு) மெல்ல ஏறும் வருடங்களில் பத்துப் பைசா வராது. கிட்னி கொடுத்ததைப் படிவத்தில் மறைத்திருந்தால் கடைசியிலும் வராமல் போகலாம்.

கிட்னி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை நலமாகவே இருக்கிறார்கள். பிபி, சர்க்கரை, உடல் பருமன், புகை, வலி மாத்திரை ஆகியவைதான் மிஞ்சிய ஒன்றையும் கெடுப்பவை. இதில் இரண்டை அந்தத் தவணைக்காக நீங்களே வரவழைத்துக்கொள்கிறீர்கள். இரண்டு கிட்னி செய்த வேலையில் சுமார் 70 சதவீதத்தை இப்போது ஒன்றே இழுக்கிறது. அதன் சல்லடைகளுக்கு ஏற்கெனவே வேலை அதிகம். பிபியும் ஏறினால் சிறுநீரில் புரதம் கசியும். வலி தெரியாது, வீக்கம் வரும்வரை எதுவும் தெரியாது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் கிட்னிக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். தண்ணீர் குடிக்காமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் உடம்பில் இன்னும் மோசம். மாற்று என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள், மெடிக்கலில் கேட்காதீர்கள்.

கணக்குக்கு வருவோம். மாத்திரை மாதம் 250 என்றால் வருடம் 3,000. டெஸ்ட்டுக்கு 1,500 வைத்தாலும் மாதத்துக்கு 375 ரூபாய்தான். தனியாரில் ஒரு டயாலிசிஸ் 1,500 என்றாலும் வாரம் மூன்று, மாதம் பன்னிரண்டு: 18,000. அரசுக் காப்பீட்டில் இலவசமாகவே கிடைத்தாலும் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போகும். வேலைக்கு எப்படிப் போவீர்கள்?

அந்த 375-கூடத் தேவையில்லை. ஓவர்டைம் சேராமல் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. சம்பளச் சீட்டைப் பாருங்கள், 0.75% பிடித்திருப்பார்கள். அரைநாள் கூலி போனாலும் பரவாயில்லை, டிஸ்பென்சரிக்குப் போங்கள். பிபி, கிரியாட்டினின், சர்க்கரை, புரதக் கசிவைக் காட்டும் சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் ஆகியவற்றை வருடாவருடம் பார்க்க வேண்டும். விகிதம் 30-க்குக் கீழே இருக்க வேண்டும். பிபி இலக்கை டாக்டர் சொல்வார், பொதுவாக 130/80-க்குள்.

இனி கடன். லோனைத் தம்பி பெயருக்கு பேங்க் மாற்றித் தராது. அவர் தன் வீட்டு நகையை அடகு வைத்து 1.2 லட்சம் கட்டட்டும். பேங்க் நகைக்கடன் வட்டி பொதுவாக 16 சதவீதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். லோனை முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்று முதலில் பாருங்கள். கட்டும்போது, மாதங்களைக் குறைக்காமல் தவணையைக் குறைக்கும்படி எழுதிக் கொடுங்கள். பாக்கி 70,000-க்குத் தவணை சுமார் 3,100 ஆகும். மிச்சம் 5,300. ஓவர்டைம் கிட்டத்தட்ட தேவைப்படாது.

தம்பியிடம் கேட்கத் தயக்கமாக இருக்கும். அவர் மாற்றுக் கிட்னிக்கான மாத்திரையை ஒருவேளை தவறவிட்டால் நீங்கள் எவ்வளவு பதறுவீர்கள்? உங்கள் பிபி மாத்திரை அட்டையில் பாதி அப்படியே இருப்பது அவருக்குத் தெரியுமா? அதைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு நகையைக் கேளுங்கள்.